ஆலைச் சங்கும் ஆன்ம குருவும்



நவம்பர் மாதம் மரித்தோரின் மாதம். 2-ஆம் நாளன்று கல்லறைத் தோட்டத்தில் புல் களைந்து, சுண்ணாம்பு அடித்து, பூச்சொரிந்து, மெழுகுதிரி ஏற்றி, நமக்கு முன் விசுவாசத்தோடு வாழ்ந்து மறைந்த பெரியோரை நினைவுகூர்கிறோம். எலத்தகிரி போன்ற பழைய பங்குகளில், ஒரே குடும்பத்தின் நான்கைந்து தலைமுறையினர் அடுத்தடுத்துத் துயில்கொள்வதைக் காணலாம்.

ஆனால் ஓசூரின் நிலை வேறு. அங்கே ஞாயிறு திருப்பலிக்கு வருவோரில் பலருக்கு அந்த மண்ணில் ஒரு கல்லறைகூட இல்லை. அவர்களுடைய பாட்டனார் குமரி மாவட்டத்திலோ, விழுப்புரத்திலோ, கேரளத்திலோ, அதற்கும் அப்பால் ராஞ்சியைச் சூழ்ந்த காட்டூர்களிலோ புதைக்கப்பட்டிருக்கிறார். பிழைப்புத் தேடி வந்தவர்கள் ஓசூரில் வேலை கண்டார்கள்; வாடகைக்கு வீடும் கண்டார்கள். மெழுகுதிரி ஏற்ற ஓர் இடம் மட்டும் கிடைக்கவில்லை.

இம்மாதம் நாம் சிந்திக்க விரும்பும் பொருள் ஆன்ம வழிகாட்டுதல். கல்லறைத் திருநாளுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என வாசகர் வினவலாம். ஓசூர் நகரில் இவ்விரண்டும் ஒன்றையொன்று தொட்டே நிற்கின்றன.

ஒரு மகளின் நிலை

இருபது வயது மகள் ஒருத்தியை மனக்கண் முன் நிறுத்திக்கொள்வோம். ஊரைவிட்டு வந்து, ஓசூரை அடுத்த ஓர் ஆலையில் அவள் பணிபுரிகிறாள். தங்குவது விடுதியில். ஒரு வாரம் பகல் ஷிப்டு, மறு வாரம் இரவு ஷிப்டு. முன்னாளில் ஆலைச் சங்கு ஊதித் தொழிலாளரை அழைத்தது. இன்று கம்பெனிப் பேருந்து தெருமுனையில் வந்து நிற்கிறது. அழைப்பு எதுவாயினும், அவளுடைய உறக்கமும் உணவும் அதற்குக் கட்டுப்பட்டவை.

இம்மகள் ஒரு நாள் ஆலயத்திற்கு வருகிறாள். “செபமாலை சொல்லத் தொடங்கினால் உறங்கிவிடுகிறேன். பல ஞாயிறுகளில் பூசை காண முடிவதில்லை. ஊரில் இருந்தபோது இருந்த பக்தி இப்பொழுது இல்லை. நான் கடவுளைவிட்டு விலகிப் போகிறேனோ என்று அச்சமாக இருக்கிறது” என்கிறாள். அவளுக்கு நாம் சொல்லும் மறுமொழி யாது?

“இன்னும் கொஞ்சம் முயற்சி செய், அதிகாலையில் எழுந்து செபி, துன்பத்தைச் சிலுவையாக ஏற்றுக்கொள்” என்று சொல்லலாம். ஒவ்வொன்றும் நல்ல சொல்தான். ஆனால் இரவு முழுதும் நின்று வேலை செய்துவிட்டுக் காலையில் திரும்புகிற ஒருத்திக்கு, அதிகாலையில் எழுவது எங்ஙனம் கூடும்? அச்சொல்லைக் கேட்டு அவள் இன்னும் ஒரு குற்ற உணர்வோடு விடுதிக்குத் திரும்புவாள். அடுத்த மாதம் வரமாட்டாள். ஆன்மாவைக் காக்க எண்ணிச் சொன்ன சொல்லே ஓர் ஆன்மாவை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிடும்.

இத்தீங்கு நேர்வது ஏன்? அம்மகளின் ஆன்மாவை அவளுடைய ஊரினின்றும், உடலினின்றும், உடனுழைப்போரினின்றும் பிரித்துத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு நாம் பேசுவதே காரணம். திருமறை அவ்வாறு பேசவில்லை. அதற்குச் சான்று ஓரேபு மலையில் இருக்கிறது.

எரியும் முட்புதர் அருகே

விடுதலைப் பயண நூலின் மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து பார்ப்போம். மோசே அப்போது பிறந்த நாட்டைவிட்டு ஓடிவந்து, அயல்நாட்டில், மாமனாரின் ஆட்டு மந்தையை மேய்க்கும் கூலியாள். நம் காலத்துச் சொல்லில் சொன்னால், புலம்பெயர்ந்த தொழிலாளி. வேலைநேரத்தில், வேலை செய்யும் இடத்தில் கடவுள் அவரைச் சந்திக்கிறார்.

அந்தச் சந்திப்பில் மூன்று காரியங்கள் நிகழ்கின்றன. முதலாவது, மிதியடியைக் கழற்றச் சொல்கிறார். மோசேயின் வெறுங்கால் மண்ணைத் தொடவேண்டும். அடுத்து, தம்மை மோசேயின் தந்தையின் கடவுளாக, ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோரின் கடவுளாக அறிமுகம் செய்துகொள்கிறார். அதன்பின் எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடக்கும் மக்களின் அழுகுரல் தமக்குக் கேட்டதென்று கூறி, அவர்களிடம் மோசேயை அனுப்புகிறார்.

உடல், முன்னோர், மக்கள் கூட்டம்: இம்மூன்றையும் விட்டுவிட்டு மோசேயின் ஆன்மாவைக் குறித்து மட்டும் ஒரு சொல்லும் அங்கே சொல்லப்படவில்லை. ஆன்ம வழிகாட்டுதலுக்கு இதைவிடச் சிறந்த இலக்கணம் வேறு உண்டோ? இம்மூன்றையும் நம் மண்ணில் வைத்துச் சற்றே விரிவாகக் காண்போம்.

முன்னோர்

இல்வாழ்வோன் ஆற்றவேண்டிய கடமைகளைக் கூறவந்த வள்ளுவர், தென்புலத்தாரை முதலில் வைத்தார். மறைந்தோரை மறவாமை தமிழ் மரபு. அவர்களுக்காக மன்றாடுவதும், புனிதர்களின் சமூக உறவில் அவர்களோடு ஒன்றித்திருப்பதும் திருச்சபையின் மரபு. முன்னோரை நாம் தெய்வமாக்குவதில்லை. அவர்களை வழிநடத்திய கடவுளையே வணங்குகிறோம்.

கிருட்டிணகிரி மாவட்டம் முன்னோரின் அடிச்சுவடுகள் நிறைந்த நிலம். மல்லச்சந்திரத்தின் குன்றில் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் இன்றும் நிற்கின்றன. ஊர் ஆநிரையைக் கவர வந்தோரை எதிர்த்து மாண்ட வீரர்க்கு நட்ட நடுகற்கள், தருமபுரி, கிருட்டிணகிரிப் பகுதிகளில் ஏராளம். அவற்றிற் பல, மன்னருக்காக எழுப்பியவை அல்ல. ஊர் மாட்டைக் காக்க உயிர்விட்ட எளியவனின் பெயரை ஊரார் கல்லில் வெட்டி வைத்தார்கள். மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 எனக் கணிக்கப்பட்டிருப்பதாக 2022 மே மாதத்தில் தமிழக அரசு அறிவித்தது. ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் இரும்பை ஆண்ட கைகள் இம்மண்ணில் இருந்தன. இன்று ஓசூர் ஆலைகளில் உலோகம் கடைகிற இளைஞன், தான் நேற்று முளைத்த கூலி என்று எண்ணவேண்டியதில்லை. அவன் மிகப் பழைய ஓர் உழைப்பின் வாரிசு.

வெளியூரிலிருந்து வந்தவர்களும் வெறுங்கையோடு வரவில்லை. ஓசூரை அடுத்து அப்போது எழுந்துவந்த மின்னணு ஆலைக்காக, ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளைச் சேர்ந்த 6,000 பழங்குடிப் பெண்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டிருப்பதாக 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் தெரிவித்தார். சோட்டா நாகபுரி என வழங்கும் அப்பகுதி, இந்தியாவிலேயே கத்தோலிக்கப் பழங்குடியினர் மிகுந்து வாழும் இடங்களுள் ஒன்று. நம் ஆலயத்தின் கடைசி வரிசையில் மொழி புரியாமல் அமர்ந்திருக்கும் சகோதரி, அங்கிருந்து வந்தவளாக இருக்கக்கூடும்.

அவளுடைய முன்னோர் எவ்வாறு திருச்சபைக்கு வந்தார்கள் என்பதை நாம் அறிந்திருக்கவேண்டும். பெல்ஜிய நாட்டு இயேசு சபைக் குரு கான்ஸ்டன்ட் லீவன்ஸ் 1885-இல் அப்பகுதியை அடைந்தார். முண்டா, ஓராவோன் மக்கள் அப்போது நிலக்கிழார்களின் கடும் வாரத்திற்கும் வெட்டிவேலைக்கும் ஆளாகி, பரம்பரை நிலத்தை இழந்துகொண்டிருந்தார்கள். லீவன்ஸ் அவர்களின் வழக்காற்றையும் நாட்டின் நிலச் சட்டத்தையும் கற்று, நீதிமன்றங்களில் அவர்கள் உரிமையை நிலைநாட்ட வழிகாட்டினார். மக்கள் ஆயிரக்கணக்கில் திருமறையைத் தழுவினார்கள். உழைப்பு அவர் உடலை உருக்கியது. காசநோயுற்றுத் தாயகம் திரும்பிய அவர், 1893-ஆம் ஆண்டு இதே நவம்பர் மாதம் 7-ஆம் நாள் தம் 37-ஆம் வயதில் இறந்தார்.

அவருக்குப் பின் வந்த செருமானிய இயேசு சபைக் குரு ஜான் ஹாஃப்மன், முண்டா மொழியையும் பண்பாட்டையும் ஆழ்ந்து கற்றுப் பெருங்கலைக்களஞ்சியம் ஒன்றை உருவாக்கினார். பழங்குடியினரின் நிலத்தைக் காக்கும் 1908-ஆம் ஆண்டு சோட்டா நாகபுரி குத்தகைச் சட்டம் உருப்பெறுவதில் பங்காற்றினார். 1909-இல் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தைத் தோற்றுவித்தார். அங்கே விசுவாசம், நிலம், மொழி, மாந்தர் என்னும் மத்தளம், கைகோத்து ஆடும் வட்ட நடனம் ஆகியவை ஒன்றோடொன்று பின்னியவை. திருப்பலியின் பவனியிலும் அம்மக்கள் ஆடிக்கொண்டே வருவார்கள். அப்படிப்பட்ட வழிபாட்டில் வளர்ந்தவள், இங்கே நம் ஆலயத்தில் அசையாமல் நின்று, பக்தி குன்றிவிட்டதென அஞ்சுகிறாள். குன்றியது பக்திதானா, அதற்குரிய மொழியும் தாளமும் கிட்டாமையா என்று ஆன்ம குரு கேட்டறிய வேண்டாமா?

எனினும் ஓர் எச்சரிக்கை தேவை. முன்னோர் தந்த அனைத்தும் பொன்னன்று. நெல்லோடு பதரும் வந்தது. சாதி அப்படி வந்த நஞ்சு. உயிர்த்தெழுதலை நம்புகிற நாமே, தமிழகத்தில் சில இடங்களில் கல்லறைத் தோட்டத்தின் குறுக்கே சுவர் எழுப்பி, இறந்தோரையும் சாதியால் பிரித்தோம். சாதிப் பாகுபாட்டிற்குக் கிறிஸ்தவத்தில் இடமில்லை என்று இந்திய ஆயர் பேரவை 1982-இல் திருச்சியில் கூடியபோது தெளிவாக உரைத்தது. 2016 டிசம்பரில் தலித் மக்களின் மேம்பாட்டிற்கெனத் தனிக் கொள்கை அறிக்கையையும் வெளியிட்டது. ஆகவே “உன் முன்னோர் யார்?” என்று ஆன்ம குரு கேட்கும்போது, அது சாதியை மோப்பம் பிடிக்கும் கேள்வியாக ஒருபோதும் ஆகக்கூடாது. “உன் பாட்டி எப்படிச் செபித்தார்? உன் தாத்தா எதற்காகப் போராடினார்? எந்தக் காயம் உன் குடும்பத்தில் இன்னும் ஆறாமல் இருக்கிறது?” என்பதே அக்கேள்வியின் பொருள்.

காயமாக வந்த மரபையும் மருந்தாக்கலாம் என்பதற்குத் திண்டுக்கல்லில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பறை, ஒடுக்கப்பட்ட மக்கள்மேல் இழிவாகச் சுமத்தப்பட்ட இசைக்கருவி. சாவு வீட்டில் அடிக்கவேண்டும் என்று அவர்களைக் கட்டாயப்படுத்தியது சாதிச் சமூகம். அருட்சகோதரி சந்திரா நடத்திவரும் சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தில், தலித் இளம்பெண்கள் அந்தப் பறையையே கையிலேந்தி, தோள் நிமிர்த்தி, காலை மண்ணில் ஊன்றி அடித்து ஆடுகிறார்கள். பெண்கள் தொடாத கருவியைப் பெண்கள் தொட்டார்கள். இழிவின் அடையாளம் தன்மானத்தின் அடையாளமாயிற்று. முன்னோரின் சொத்து, உடலின் நிமிர்வு, ஒரு சமூகத்தின் விடுதலை ஆகிய மூன்றும் அந்த ஒரே அடியில் ஒலிக்கின்றன.

உடல்

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது நம் பழமொழி. உடம்பினுள்ளே இறைவன் குடிகொண்டிருத்தலை உணர்ந்த திருமூலர், உடம்பைப் பேணுவதை இறைவழிபாட்டின் பகுதியாகவே கொண்டார். நம் உடல் தூய ஆவியின் ஆலயம் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். வார்த்தையானவர் மனுவுருவானார் என்று ஒவ்வொரு நாளும் மூவேளைச் செபத்தில் அறிக்கையிடும் நாம், மனித உடலை ஆன்மாவின் பகையாக எண்ணுவது பொருந்துமோ?

மோசேக்குப் பின் அதே ஓரேபு மலைக்கு எலியா சென்றார். வழியில் களைத்து, மனமுடைந்து, ஒரு சூரைச்செடியின் அடியில் படுத்துச் சாவை வேண்டினார். கடவுள் அனுப்பிய தூதர் அவருக்கு அறிவுரை கூறவில்லை; விசுவாசக் குறைவென்று கடிந்துகொள்ளவும் இல்லை. அவரைத் தட்டி எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். எலியா உண்டு மீண்டும் உறங்கினார். தூதர் இரண்டாம் முறையும் வந்து உணவளித்தார். அதன் பின்னரே நாற்பது நாள் நடை. அதன் பின்னரே மலைமேல் மெல்லிய குரல். உறக்கமும் உணவும் இறைக்குரலைக் கேட்க ஆயத்தம் செய்தன.

ஆன்மீகப் பயிற்சிகள் என்னும் நூலைத் தந்த புனித இஞ்ஞாசியார், மன்ரேசாவில் மிதமிஞ்சிய தவத்தால் தம் உடல்நலத்தைக் கெடுத்துக்கொண்டவர். ஆகவே 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற அந்நூலில், செபிக்கும்போது உடல் எந்நிலையில் இருக்கவேண்டும், எவ்வளவு உண்ணவேண்டும் என்பனவற்றிற்கும் இடம் கொடுத்தார். தேவையான உறக்கத்தைக் குறைக்கலாகாது என்றார். பயிற்சி பெறுவோரின் வயது, கல்வி, வலிமைக்கேற்பப் பயிற்சியை மாற்றியமைக்கவேண்டும் என்றும் வற்புறுத்தினார்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப்பின், ஓசூருக்கு அண்டையிலுள்ள பெங்களூரில் ஒரு முயற்சி எழுந்தது. தமிழகத்தில் பிறந்த அருட்தந்தை டி. எஸ். அமலோர்பவதாஸ், 1967-இல் அங்கே தேசிய விவிலிய, மறைக்கல்வி, திருவழிபாட்டு மையத்தைத் தொடங்கினார். காலணி களைந்து வருதல், தரையில் அமர்தல், கைகூப்பி வணங்குதல், ஆரத்தி எடுத்தல் முதலிய 12 இந்திய முறைகளைத் திருவழிபாட்டில் கையாள, 1969-இல் உரோமை இசைவளித்தது. உடலும் நம் நாட்டு முறையில் செபிக்கட்டும் என்பது அதன் நோக்கம். இம்முறைகள் பெரும்பாலும் உயர்சாதியினரின் கோயில் மரபைத் தழுவியவை என்றும், உழைக்கும் மக்களின் பண்பாடு அங்கே எங்கே என்றும் பின்னாளில் தலித் இறையியலார் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. ஆரத்தித் தட்டு ஆலயத்திற்குள் வரலாமெனில், பறையும் மாந்தரும் வரலாம். ஆலைத் தொழிலாளியின் காய்த்துப்போன கையும் அப்படியே கூப்பப்படலாம்.

இனி நம் மகளிடம் திரும்புவோம். செபமாலையில் உறங்கிவிடுகிறேன் என்றவளிடம், எத்தனை மணிநேரம் உறங்குகிறாய், வேளைக்கு உண்கிறாயா, கால் வீங்குகிறதா, இடுப்பு வலிக்கிறதா என்று கேட்பது மருத்துவரின் வேலை மட்டுமன்று. அது தூதரின் வேலையும்கூட. ஐம்பத்து மூன்று மணி சொல்ல இயலாதவள், பேருந்தில் அமர்ந்து ஒரே ஒரு பத்து மணியைச் சொல்லட்டும். மூச்சு உள்வாங்கும்போதும் வெளிவிடும்போதும் இயேசுவின் திருநாமத்தை உச்சரிக்கட்டும். செபித்துக்கொண்டே உறங்கிப்போனால், தந்தையின் மடியில் உறங்கிய குழந்தையாகத் தன்னை எண்ணட்டும். கடவுள் அவளை எழுப்பமாட்டார்.

மக்கள் கூட்டம்

ஓரேபை அடைந்த எலியா, தான் ஒருவனே எஞ்சியிருப்பதாக முறையிட்டார். இன்னும் ஏழாயிரம் பேர் உண்டென்று கடவுள் அவருக்கு அறிவித்து, எலிசாவையும் துணையாகத் தந்தார். தனியாயிருக்கிறேன் என்னும் எண்ணமே சோர்வுற்ற ஆன்மாவின் பெருஞ்சுமை. இரவு ஷிப்டு முடிந்து வரும் மகளுக்கும் அதே சுமைதான். தன் களைப்பைத் தன் பக்திக்குறைவு என்றே அவள் எண்ணுகிறாள். அடுத்த கட்டிலில் படுத்திருப்பவளும் அப்படியே எண்ணி அழுகிறாள். இருவரும் ஒருவரோடொருவர் பேசினால், இது தம் தனிக்குற்றமன்று, தாம் உழைக்கும் முறையிலேயே ஆராயவேண்டிய ஒன்று இருக்கிறது என்பது விளங்கும். விடுதலையின் முதற்படி அதுவே.

இந்த உண்மையைக் கண்டு ஓர் இயக்கமாக்கியவர், நவம்பர் 13-ஆம் நாள் பிறந்தநாள் காணும் மற்றொரு பெல்ஜியர். 1882-இல் பிறந்த ஜோசப் கார்டைன், ஓர் ஏழை உழைப்பாளியின் மகன். கடும் உழைப்பால் தேய்ந்த தந்தை 1903-இல் இறந்தபோது, தொழிலாளரின் மீட்புக்கே தம் வாழ்வை ஒப்புக்கொடுப்பதாக அவர் உறுதிபூண்டார். தந்தையின் மரணப்படுக்கையே அவருக்கு எரியும் முட்புதராயிற்று. 1925-இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம் தோன்றியது. சிறு குழுவாக அமர்ந்து, தம் வேலையிடத்தில் நடந்ததைக் காணுதல், நற்செய்தியின் ஒளியில் சீர்தூக்குதல், கூடிச் செயற்படுதல் என்பது அதன் முறை. திருத்தந்தை 23-ஆம் யோவான் 1961-ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் இம்முறையை உலகத் திருச்சபைக்கே பரிந்துரைத்தார். தமிழகப் பங்குகள் பலவற்றிலும் இவ்வியக்கம் ஒரு காலத்தில் உயிர்த்துடிப்போடு விளங்கியது. ஆன்ம வழிகாட்டுதல் இருவர் மட்டும் மூடிய அறையில் பேசுவதாக இருக்கவேண்டியதில்லை. எட்டுப் பேர் வட்டமாக அமர்ந்தும் ஆவியானவரின் குரலைக் கேட்கலாம் என்பதற்கு அது சான்று.

கூடிப் பேசினால் என்ன ஆகும் என்று சலித்துக்கொள்வோர்க்குத் தமிழகமே விடை தருகிறது. 2021-இல் கடைத் தொழிலாளர் அமர இருக்கை தரவேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் சட்டத்திருத்தம் இயற்றியது. நாள் முழுதும் நின்ற கால்களின் வலி சட்டமன்றத்தின் வாயிலை எட்டியது. 2023 ஏப்ரல் 21-ஆம் நாள், ஆலைகளில் நாளொன்றுக்கு 12 மணிநேரம்வரை வேலைவாங்க இடமளிக்கும் திருத்த மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றாய் எதிர்த்தன. அது மீட்டுக்கொள்ளப்பட்டதாக மே 1-ஆம் நாள் முதலமைச்சர் அறிவித்தார். அந்நாள் தொழிலாளரான புனித சூசையப்பர் திருநாள். 1955-இல் திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் ஏற்படுத்திய விழா.

தொழிலாளர் சங்கம் அமைப்பது உரிமை என்று திருச்சபை 1891-இலேயே, திருத்தந்தை 13-ஆம் சிங்கராயரின் சுற்றுமடல் வாயிலாக உரைத்தது. பொருளும் முதலும் மனிதனுக்காகவே, மனிதன் அவற்றிற்காக அல்ல என்பதைத் திருத்தந்தை 2-ஆம் யோவான் பவுல் 1981-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் நாள் வெளியிட்ட மடலில் மீண்டும் நிலைநாட்டினார். ஆகவே நியாயமான கூலியையும் ஓய்வையும் கேட்பது பக்திக்குப் புறம்பானதென்று நம் பிள்ளைகள் எண்ணவேண்டாம்.

குருவின் எல்லை

அப்படியாயின் ஆன்ம குரு சங்கத் தலைவர் ஆகவேண்டுமோ? வேண்டியதில்லை. வழிகாட்டுபவர் தராசின் முள்போல் நடுவில் நிற்கவேண்டும். படைத்தவரும் படைப்பும் நேரே உறவாட இடம்விடவேண்டும் என்பது இஞ்ஞாசியார் வகுத்த நெறி. ஒருத்தி தொழிற்சங்கத்தில் சேருவதா, ஊருக்குத் திரும்புவதா, துறவறம் புகுவதா என்பதைக் குரு தீர்மானிப்பதில்லை. அவள் உள்ளத்தில் எழும் அச்சத்தையும் அமைதியையும் அவளே பிரித்தறிய உதவுகிறார். மோசேயைக் கடவுளும் கட்டாயப்படுத்தவில்லை. வாய் திக்குகிறது என்று அவர் தயங்கியபோது, அண்ணன் ஆரோனைத் துணைக்குக் கொடுத்தார்.

மறுபுறம், உரிமைப் போராட்டம் ஒன்றே போதும், செபம் வேண்டாம் என்பாரும் உளர். செங்கடலைக் கடந்த மக்கள் பாலைநிலத்தில் எகிப்தின் இறைச்சிப் பாத்திரத்தை எண்ணி ஏங்கியதை அவர்கள் நினைக்கட்டும். கூலி உயர்ந்தபின்னும் குடியும் கடனும் சாதிச் செருக்கும் அடிமைப்படுத்தும் வீடுகள் ஓசூரில் இல்லையா? வெளியே அறுந்த விலங்கு உள்ளேயும் அறுபட, அருள் வேண்டும், திருவருட்சாதனங்கள் வேண்டும், நாள்தோறும் மன ஆய்வு வேண்டும்.

ஆன்ம வழிகாட்டி குருவானவராக மட்டுமே இருக்கவேண்டும் என்பதும் இல்லை. பாவசங்கீர்த்தனம் கேட்பது குருவின் பணி. செவிமடுப்பது திருமுழுக்குப் பெற்ற அனைவரின் பணி. அருட்சகோதரிகள், உபதேசியார்கள், நீண்டகாலம் ஆலையில் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர்கள், தாய்மார்கள் ஆகியோர் இதற்குத் தகுந்த பயிற்சி பெறலாம்.

இம்மாதம் நாம் செய்யக்கூடியவை

தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் ஒலிக்கும் எல்லைநகர் ஓசூர். 1997-இல் தருமபுரி மறைமாவட்டம் உருவானபோது இருந்த ஓசூரன்று இப்போது இருப்பது. புதிதாய் வந்தோரை வரவேற்கும் பொறுப்பு பழைய குடும்பங்களுக்கு உண்டு. சில எளிய வழிகளை முன்வைக்கிறோம்.

கல்லறைத் திருநாளில் நம் கல்லறைத் தோட்டத்துப் பாடுபட்ட சுரூபத்தின் அடியில் ஒரு பெரிய பலகை வைப்போம். தொலைவில் புதைக்கப்பட்ட பெரியோரின் பெயர்களைப் புலம்பெயர்ந்தோர் தம் மொழியிலேயே அதில் எழுதட்டும். திருப்பலியில் அப்பெயர்கள் உரக்க வாசிக்கப்படட்டும். அவர்களும் ஒரு மெழுகுதிரி ஏற்ற இடம் கிடைக்கும்.

ஒவ்வொரு குடும்பமும் மாதத்தில் ஒரு ஞாயிறு, விடுதியில் தங்கும் இரண்டு பிள்ளைகளை மதிய உணவுக்கு அழைக்கட்டும். உணவு முடிந்தபின் கொஞ்சம் உறங்கவும் விடுங்கள். தூதர் எலியாவுக்குச் செய்ததும் இதுவே.

பங்குப் பேரவைகள், இரவு ஷிப்டு முடித்து வருவோரும் இரண்டாம் ஷிப்டு செல்வோரும் கலந்துகொள்ளத்தக்க நேரத்தில் ஒரு திருப்பலி அமையுமா எனப் பங்குத்தந்தையரோடு கலந்து ஆராயட்டும். மாதம் ஒரு பாடலேனும் சோட்டா நாகபுரி மக்களின் மொழியிலும் தாளத்திலும் ஒலிக்கட்டும். அவர்களே நமக்குக் கற்றுத் தரட்டும்.

இளந்தொழிலாளர் எட்டுப் பேர் வாரம் ஒருமுறை கூடி, மூன்று கேள்விகளைத் தம்முள் கேட்கட்டும்: இந்த வாரம் என் முன்னோரின் விசுவாசம் என்னை எங்கே தாங்கியது? என் உடல் எனக்கு என்ன சொல்லிற்று? என்னோடு உழைக்கும் யாருடைய அழுகுரலை நான் கேட்டேன்? பின்னர் ஒரு விவிலியப் பகுதி, சற்று நேரம் மௌனம், கூடிச் செய்யக்கூடிய ஒரு சிறு செயல். இவ்வளவு போதும்.

நம் பெற்றோருக்கும் ஒரு சொல். ஊரிலிருந்து தொலைபேசியில் அழைக்கும்போது, “பூசைக்குப் போனாயா?” என்று கேட்பது நன்று. அதற்கு முன் “சாப்பிட்டாயா? தூங்கினாயா? உன்னோடு யார் இருக்கிறார்கள்?” என்றும் கேளுங்கள். அதுவும் ஆன்ம வழிகாட்டுதலே.

மோசேயை அழைத்தவர் இன்றும் வேலைத்தலங்களில் அழைக்கிறார். அவ்வழைப்பைக் கேட்கும் பிள்ளைகள், தாம் யாருடைய மக்கள் என்பதை மறவாமலும், தம் உடலை வெறுக்காமலும், உடனுழைப்போரைக் கைவிடாமலும் நடக்க இறைவன் அருள்வாராக. மரித்த நம் பெரியோர் அனைவரும் ஆண்டவரில் இளைப்பாறுவார்களாக.